கண்ணாடியில் படிந்த மூச்சு

திருப்பூரில் ஒரு பனியனில் குறை இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேர் சண்டை போட்டால், மூன்றாவதாகச் சென்னியப்பனைக் கூப்பிடுவார்கள். அவன் துணியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பான், மூக்குக் கண்ணாடிக்குள் கண்ணை இடுக்குவான், ஓர் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் தொடுவான். அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுத் தன் பாட்டுக்கு அடுத்த பீஸை எடுப்பான். ஒட்டினால் ஒட்டினதுதான், அப்பீல் கிடையாது. இதெல்லாம் பழைய காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள், 2043-லும் அப்படித்தான். கம்பெனியில் கேமரா வந்தது, அந்தக் கேமராவைப் பார்த்துக்கொள்ள இன்னொரு கேமராவும் வந்தது. ஆனாலும் பெட்டிக்குள் போகும் முன்பு செக்கிங் மேசையில் சென்னியப்பன் கண் பட்டாக வேண்டும் என்று முதலாளி ஒரே பிடிவாதமாக இருந்தார்.

இப்பேர்ப்பட்ட ஆள், பெற்ற மகளின் விஷயத்தில் ஏழு மாதம் குறையைக் காணாமல் விட்டுவிட்டான். எப்படி என்று கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். அவனுக்குக் காது கேட்க ஆரம்பித்துவிட்டது, அதனால்தான்.

சென்னியப்பனுக்குப் பிறவியிலேயே மேல் அண்ணம் பிளந்திருந்தது. குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. பெற்றவர்கள் சென்னிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு பெயர் வைத்தார்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்றரை வயதில் அண்ணத்தைத் தைத்தார்கள். சாப்பாடு ஒழுங்காக இறங்கியது. பேச்சு மட்டும் மூக்காலேயே நின்றுவிட்டது, காதில் மாதத்துக்கு ஒருமுறை சீழ் வடிந்தது. பள்ளிக்கூடத்தில் பேசினால் சிரித்தார்கள், பேசாவிட்டால் திமிர் பிடித்தவன் என்றார்கள். பனியன் கம்பெனிதான் அவனுக்குச் சொர்க்கமாக அமைந்தது. மெஷின் ஓடும் இரைச்சலில் அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எல்லாருக்கும் கைஜாடைதான். சென்னியப்பனும் எல்லாரையும் போல ஆனான்.

அவன் மனைவி வினோதினி அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவள். கைஜாடையிலேயே பேசிப் பழகி, கைஜாடையிலேயே சம்மதம் சொல்லிக் கட்டிக்கொண்டவள். அவர்களுக்கு ஒரே மகள், தாரிகா. அவளுக்கும் அண்ணம் பிளந்தேதான் இருந்தது. பிரசவ வார்டில் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்த அன்று, "எங்கிட்ட இருந்து வந்ததுதானே இது" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான் சென்னியப்பன். வினோதினிதான் அவனை இழுத்துப் பிடித்து, "மொதல்ல புள்ளையத் தூக்குங்க, அழுகறதெல்லாம் பொறவு பாத்துக்கலாம்" என்று அதட்டினாள்.

அதற்குப் பிறகு அவன் அழவில்லை. வீட்டில் அவன்தான் நிபுணன் ஆனான். எப்போது பால் கொடுப்பது, எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, எந்த வயதில் எந்தத் தையல், காதுக்குள் எப்போது குழாய் வைப்பது என்று எல்லாவற்றையும் அவனே பார்த்தான். தான் பட்டதில் ஒன்றைக்கூட மகள் படக் கூடாது என்பது அவன் வைராக்கியம்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் காதையும் பேச்சையும் சேர்த்துப் பார்க்கும் ஜெசிந்தா என்பவள்தான் தாரிகாவுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்டக் கண்ணாடியைச் சென்னியப்பனிடம் கொடுத்தாள்.

"இதை மூக்குக்குக் கீழ பிடிங்க சார். 'பாப்பா பட்டுப் பாவாடை கேட்டா'ன்னு ஒரே மூச்சுல சொல்லச் சொல்லுங்க. காத்து வாய் வழியா வந்தா கண்ணாடி பளிச்சுன்னு இருக்கும். மூக்கு வழியா கசிஞ்சா ஆவி படியும். உங்களுக்குக் காது சரியா கேக்கலன்னாலும் பரவால்ல, கண்ணாடி சொல்லிடும்."

கண்ணால் பார்த்துக் குறை பிடிப்பதா? சென்னியப்பனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பாவும் மகளும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்காருவார்கள். அவள் சொல்லுவாள், அவன் கண்ணாடியைப் பார்ப்பான். ஆவி குறைவாக இருந்தால் பரிசு உண்டு. "முட்டு!" என்பான். இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொள்வார்கள், தாரிகா கலகலவென்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு மட்டும் அவனுக்கு எப்போதும் நன்றாகக் கேட்கும். ஏன் என்று அவன் யோசித்ததில்லை.

"ஆறு வயசுக்குள்ள கசிவு நிக்கலன்னா உள் அண்ணத்துல இன்னொரு சின்ன ஆபரேஷன் பண்ணணும்" என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். "தள்ளிப் போடாதீங்க. தப்பான பேச்சு பழக்கமாயிட்டா அப்புறம் மாத்தறது ரொம்பக் கஷ்டம்." வைகாசியில் பள்ளி விடுமுறைக்குள் ஆபரேஷன் என்று தேதியும் குறித்தாயிற்று.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், பங்குனியில்தான், சென்னியப்பனுக்குக் காதுப் பொட்டு என்ற புதுக் கருவியை வைத்தார்கள்.

அதற்குள் அவன் காது முக்கால்வாசி போயிருந்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று அவன் கேட்டதற்கு ஜெசிந்தா பொறுமையாகச் சொன்னாள்.

"காதுக்குள்ள காத்துப் போக ஒரு குழாய் இருக்கு சார். அதைத் தொறந்து விடற தசை அண்ணத்துலதான் இருக்கு. உங்களுக்கு அது பிறவியிலயே சரியா இழுக்காது. காத்துப் போகலன்னா உள்ள நீர் கட்டும், சீழ் வரும், சவ்வு கெட்டுப்போகும். நாப்பது வருஷமா நடந்துட்டே இருக்கு." பிறகு காது சோதிக்கும் ஓர் இரும்புக் கவையைத் தட்டி அவன் நெற்றியில் வைத்தாள். மண்டைக்குள் கோயில் மணி அடித்தது போல ரீங்காரம் கேட்டது. "பாத்தீங்களா? உள்காது நல்லாத்தான் இருக்கு. வாசல்தான் அடைச்சிருக்கு. எலும்பு வழியா சத்தம் போனா உங்களுக்குக் கேக்கும்."

காதுப் பொட்டு அந்த வேலையைத்தான் செய்தது. காதின் பின்புறம் எலும்பில் ஒட்டிக்கொள்ளும், ஒரு புளியங்கொட்டை அளவுதான். பழைய மெஷின்களைப் போல எல்லாச் சத்தத்தையும் கூட்டிக் கொடுக்காது. வருகிற பேச்சை உள்வாங்கி, இரைச்சலைக் கழித்து, புதிதாகத் திரும்பப் பேசிக் காட்டும். "துவைச்சு, இஸ்திரி போட்டுக் குடுக்கற மாதிரி சார்" என்றாள் ஜெசிந்தா. "காது நல்லாக் கேட்டா, உங்க பேச்சும் மெல்லத் தெளிய வாய்ப்பிருக்கு."

ஒட்டிய நிமிடமே சென்னியப்பன், "கேக்குதுங்க" என்றான். சொல்லிவிட்டுத் திடுக்கிட்டான். கேட்டது அவன் குரல்தான், ஆனால் மூக்கு இல்லாத குரல். ரேடியோவில் செய்தி வாசிப்பவர்களின் குரல் போல அத்தனை சுத்தம். அவன் "அய்யோ" என்றான். அந்த அய்யோவும் அழகாக இருந்தது. பஸ் ஏறும் வரைக்கும் எதையாவது பேசிக்கொண்டே வந்தான்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் தாரிகா சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பாப்பா பட்டுப் பாவாடை கேட்டா" என்றாள். மணி போல விழுந்தது. சென்னியப்பன் கண்ணாடியை எடுக்கவே இல்லை. காது வந்துவிட்ட பிறகு கண்ணாடி எதற்கு? அது அலமாரியில் ஊசிநூல் டப்பாவுக்குள் போயிற்று. மறுநாளும் அப்படியே மணி போல. ஒரு மாதம் இப்படியே கேட்டான். சித்திரையில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "பாப்பா சுத்தமாப் பேசறாளுங்க, ஆபரேஷன் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டான். அந்தத் தேதி வேறொரு குழந்தைக்குப் போயிற்று.

வினோதினி சொல்லத்தான் செய்தாள். "ஏனுங்க, எனக்கென்னமோ இவ பேச்சு அப்பிடியேதான் இருக்கறாப்பல தெரியுது."

"உனக்குக் காது கேக்குதா இல்லியா?" என்று சீறினான் சென்னியப்பன். நாற்பது வருஷமாக ஊரே அவனைக் கேட்ட கேள்வி, முதல்முறையாக அவன் இன்னொருத்தரைக் கேட்டான். வினோதினி அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். இந்த விஷயத்தில் அவனுக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று அவளே நினைத்தாள். ஒட்டினால் ஒட்டினதுதான், ஒட்டாவிட்டால் குறையில்லை என்றுதானே அர்த்தம்.

அந்த ஏழு மாதம் அவன் வாழ்ந்த வாழ்வைச் சொல்லி மாளாது. டீக்கடையில் வம்பளந்தான். போனில் உறவுக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினான். தாரிகாவின் பள்ளியில் சுதந்திர தின விழாவுக்குப் பெற்றோர் சார்பில் நன்றி சொல்ல ஆள் கேட்டபோது, யாரும் எதிர்பாராமல் கையைத் தூக்கினான். இருநூறு பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து நான்கு நிமிடம் பேசினான். கைதட்டல் கேட்டபோது அழுகை வந்துவிட்டது.

ஐப்பசியில் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். காலையில் எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பாவாடையின் கொக்கி அறுந்துபோயிருந்ததால் வினோதினி ஊசிநூல் டப்பாவை எடுத்துத் திறந்து வைத்தாள். தாரிகா அதிலிருந்த கண்ணாடியை எடுத்து முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, தானே பொட்டு வைத்துக்கொள்கிறேன் என்று அடம்பிடித்தாள். வாய் ஓயாமல் பேச்சு வேறு. சென்னியப்பன் வேட்டி கட்டிக்கொண்டே பார்த்தான். கண்ணாடியில் இரண்டு வெள்ளைத் திட்டுகள் வந்து வந்து மறைந்தன.

மூச்சு விடுவாள், அதுதான் என்று நினைத்தான். ஆனால் பதினெட்டு வருஷம் செக்கிங் மேசையில் நின்ற கண் அப்படிச் சும்மா விடாதே. அவள் எதிரே போய் உட்கார்ந்து கண்ணாடியை வாங்கி, மூக்குக்குக் கீழே பிடித்தான்.

"சாமி, பட்டுப் பாவாடை சொல்லு."

"பாப்பா பட்டுப் பாவாடை கேட்டா."

காதில் மணி போல விழுந்தது. கண்ணாடி வெளுத்துப் போயிற்று.

துடைத்தான். மறுபடி சொல்லச் சொன்னான். மறுபடி வெளுத்தது. மூன்றாவது தடவை தாரிகா சொல்லவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. இரண்டில் எது பொய் சொல்லும் என்று சென்னியப்பனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கண்ணாடியைத் துடைத்துத் தன் மூக்குக்குக் கீழே வைத்தான். "பாப்பா பட்டுப் பாவாடை கேட்டா" என்றான். ரேடியோக் குரல் அழகாகக் கேட்டது. கண்ணாடியில் மகளுடையதைவிடப் பெரிய திட்டு படிந்தது.

அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். ஆபரேஷன் தேதி, டீக்கடை, மைக், இருநூறு பேர் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதின.

"வினோ... அன்னிக்கு மைக்குல என்ற குரல் எப்பிடி இருந்துச்சு?"

வினோதினி ஊசியைக் கீழே வைத்தாள். "உங்க குரலு மாதிரிதானுங்க இருந்துச்சு."

"பழைய மாதிரியேவா?"

"பழைய மாதிரியேதான்."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"சிரிக்கறதா? எனக்குப் பக்கத்துல ஒரு அக்கா மூக்கைச் சிந்திட்டு இருந்துச்சு. கை தட்டுனதை நீங்களே கேட்டீங்கல்ல? அது ஒண்ணும் மெஷினு போட்ட சத்தமில்லீங்க." பாவாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க வாயத் தொறந்து பேசி நான் பாத்ததே இந்த ஏழு மாசந்தான். எப்பிடிங்க நான் போயி அதைக் கெடுப்பேன்? ஆனா பாப்பா விசயத்துல நான் மறுக்கா மறுக்காச் சொல்லியிருக்கோணும். அது என்ற தப்பு."

"உன்ற தப்பில்ல" என்றான் அவன். கல்யாணத்துக்கு அன்று யாரும் போகவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வினோதினிக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவும் மகளும் மட்டும் கோயம்புத்தூர் போனார்கள். ஜெசிந்தா கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள், பொட்டில் பதிந்திருந்ததைக் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தாள்.

"இரைச்சலை எடுக்கும்னு சொன்னேன்" என்றாள் கடைசியில். "எது இரைச்சல்னு நீங்களும் கேக்கல, நானும் சொல்லல. மூக்கு வழியா கசியற காத்து அதுக்கு இரைச்சல் சார். அதைக் கழிச்சுட்டு, நல்ல பேச்சா மாத்திக் குடுத்திருக்கு. உங்க குரலையும் எலும்புக்குள்ளயே அமுக்கிட்டு, அதுக்கு மேல சுத்தம் பண்ணதை ஓட்டியிருக்கு. நீங்க ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னப்ப நான் ஒருதடவை குழந்தையைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கணும். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு நானும் விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

"அதெல்லாம் இருக்கட்டுங்க. பாப்பாவுக்கு நேரம் போயிருச்சுங்களா?"

"கொஞ்சம் போயிடுச்சு. முழுசாப் போகல. அடுத்த மாசமே ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா இந்த ஏழு மாசத்துல பழக்கம் இறுகியிருக்கு. அப்புறம் பயிற்சி ரெண்டு மடங்கு பண்ணணும். வீட்டுல அவளை அவ குரல்லயே கேக்கறதுக்கு ஆள் வேணும் சார்."

"அம்மா இருக்கறா. நானும் இருக்கறேன். இந்தச் சுத்தம் பண்றதை நிறுத்திருங்க."

"முழுசா நிறுத்தினா கம்பெனியில, பஸ்ல உங்களுக்கு ஒண்ணும் புரியாது. வேற ஒண்ணு பண்ணலாம். 'இந்தக் குரலைத் தொடாதே'ன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கலாம். அந்தக் குரல் மட்டும் உள்ளபடி வரும். ஆனா ஒண்ணு, அவ சொல்றதுல பாதி உங்களுக்குப் பிடிபடாது. திரும்பத் திரும்பக் கேக்க வேண்டியிருக்கும்."

சென்னியப்பன் மகளைப் பார்த்தான். அவள் நாற்காலியில் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு ஏதோ பட்டது.

"ஏஞ்சாமி, நான் கேக்கறது வேற மாதிரின்னு உனக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினாள்.

"பொறவு ஏங்கண்ணு சொல்லல?"

தாரிகா ஜெசிந்தாவையும் மேசையையும் பார்த்தாள். பிறகு சொன்னாள். "எல்லாரும் என்ன, என்னன்னு கேப்பாங்க. டீச்சர் கேப்பாங்க. பஸ்ல பக்கத்துல உக்கார்ற புள்ள கேக்கும். அம்மாகூடக் கேக்கும். பொட்டு வெச்சதுக்கப்புறம் நீ மட்டும் ஒருக்காக்கூட என்னன்னு கேட்டதே இல்ல."

அதையும் பொட்டு துவைத்து இஸ்திரி போட்டுத்தான் கொடுத்தது. ஒரு சொல் பிசகாமல் கேட்டது. சென்னியப்பன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஏழு மாதம் அந்தக் குழந்தைக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்திருக்கிறான், என்ன என்று கேட்காதவன். அந்த ஒரு ஆளையும் இப்போது அவளிடமிருந்து பிடுங்க வேண்டும். அதுவும் அவனே பிடுங்க வேண்டும். இப்படியே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததை மறைப்பானேன், நினைத்தான். பிறகு, பேசினால் சிரிப்பார்கள் என்று இடைவேளையில் வேப்ப மரத்தடியில் தனியாக நின்ற ஒரு பையன் ஞாபகத்துக்கு வந்தான். அவனுக்கும் அப்போது ஆறு வயதுதான்.

"பண்ணீருங்க" என்றான்.

ஜெசிந்தா கம்ப்யூட்டரைத் தட்டினாள். "பாப்பா, ஏதாவது பேசும்மா. உன் குரலை அதுக்குச் சொல்லிக் குடுக்கலாம்." பிறகு தயங்கி, "உங்க குரல் சார்? அது அப்படியே இருக்கட்டுமா?" என்றாள்.

அந்த ரேடியோக் குரலை விடச் சென்னியப்பனுக்கு மனசே இல்லை. வாயைத் திறக்குமுன் தாரிகா முந்திக்கொண்டாள். "அப்பாவோடதும் போடுங்க மிஸ். எனக்குத் தனியாப் பயமா இருக்கு."

அதற்கு மேல் என்ன பேச்சு? இரண்டு குரலும் தொடாத குரல்கள் ஆயின. தாரிகா பட்டுப் பாவாடையைச் சொன்னாள். சென்னியப்பன் முதல்முறையாக மகளைக் கேட்டான். காற்றுக் கசிந்து, மூக்கில் முட்டித் திரும்பி, ஓரமெல்லாம் மங்கிப்போன குரல். பாதி சொற்கள் கரைந்துபோயின. "நல்லாருக்குதுடா" என்றான், அதுவும் அதே மாதிரி வந்தது. ஒரே தறியில் ஓடிய இரண்டு துணி. இதைக் கேட்டு முகம் சுளிக்கப் போகிறோம் என்றுதான் பயந்துகொண்டிருந்தான். ஆனால் மகளை அள்ளிக்கொள்ள வேண்டும் போல இருந்ததே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். சன்னலோரம் உட்கார்ந்த தாரிகா வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். அவிநாசி தாண்டியதும் திரும்பி அவனிடம் எதையோ சொன்னாள். பின்சீட்டில் இரண்டு பேர் வெங்காய விலை பேசிக்கொண்டு வந்தது துல்லியமாகக் கேட்டது. பெற்ற மகள் சொன்னது கேட்கவில்லை. பஸ் இரைச்சலில் ஒரு முனகல் மட்டும் வந்தது.

அவன் முகத்தை அவள் பார்த்தாள். கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். இதோ கேட்கப் போகிறான் என்று காத்திருந்தாள்.

'என்ன' என்ற சொல் சென்னியப்பனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினான். காதுக்குப் பின்னால் கையை விட்டுப் பொட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். வெங்காயமும் பஸ்ஸும் எங்கேயோ தூரத்துக்குப் போயின.

"முட்டு!" என்றான்.

தாரிகா முழித்தாள். அவள் எதையும் சரியாகச் சொல்லவில்லையே, பிறகு எதற்குப் பரிசு? ஆனாலும் நெற்றியைக் கொண்டுவந்து அவன் நெற்றியில் முட்டினாள். அவன் அவள் பின்தலையைப் பிடித்து, அப்படியே வைத்துக்கொண்டான்.

"இப்பச் சொல்லு சாமி."

எலும்பும் எலும்பும் ஒட்டியிருந்த இடத்தில் அவள் குரல் வந்தது. ஜெசிந்தா இரும்புக் கவையை வைத்தபோது கேட்டது போல மண்டைக்குள்ளேயே கேட்டது. யாரும் துவைக்காத, திருத்தாத குரல். மூக்கில் மோதி வந்ததாலோ என்னவோ, எலும்பில் இன்னும் பலமாக அதிர்ந்தது.

"ஆபரேசன் பண்ணுனதுக்கப்புறமும் முட்டுனாக் கேக்குமா?"

"கேக்கும்."

"எனக்குப் பேச்சு நல்லா வந்துட்டாலும்?"

"வந்துட்டாலும் கேக்கும். நீ காலேஜி போனாலும் முட்டலாம்."

தாரிகா நெற்றியை எடுக்காமலே கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் மூச்சு அவன் மூக்குக் கண்ணாடியில் பட்டு, இரண்டு திட்டாக வெளுத்தது. சென்னியப்பன் அதைத் துடைக்கவில்லை.

"அப்ப அந்தச் சன்னல மூடுப்பா" என்றாள். "மொதல்லயே அதைத்தான் சொன்னேன். குளுருது."

அவன் எட்டிச் சன்னலை மூடினான்.